அம்மன் சோற்று இலையை இழுத்தெறிந்தேன்

குடும்பத்தில் பேச்சு வருமென்று இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். என் கணவருக்கு மயஸ்தீனியா என்ற தசைச்சோர்வு நோய். முதல் சில கவளம் நன்றாகச் சாப்பிடுவார். பிறகு தொண்டை சோர்ந்து விழுங்க வராது. எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. ராயக்கோட்டையில் மாரியம்மன் பூஜை விருந்திலும் அதே கதைதான்.

"ஏன்டா, இவ்ளோ நேரம் நல்லாதான தின்ன? அம்மன் சோத்த மீதி வைக்கலாமா?" என்றார் நாத்தனார்.

"அக்கா, அவருக்கு எறங்காதுங்க."

"எல்லாம் நீ குடுக்கற செல்லம்!" என்று இன்னொரு கரண்டி வைத்தார்.

அக்காவுக்காக அவர் விழுங்கினார். அடைத்துக்கொண்டது. இருமக்கூட வலுவில்லை. அவரை முன்னால் சாய்த்துப் பிடித்து, இலையை இழுத்தெறிந்தேன். சோறு அம்மன் முன்னாலேயே சிதறியது. மெல்ல மூச்சு வந்தது.

அம்மன் என்னைப் பொறுத்துக்கொண்டாள் என்றே நம்புகிறேன். நாத்தனார்தான் இன்னும் பேசவில்லை. பரவாயில்லை, அவர் தம்பி உயிரோடு இருக்கிறார். இதை ஒரு வார்த்தையும் மாற்றாமல், விருந்து வைக்கிறவர்களிடம் சொல்லுங்கள்.