கன்னடத்தில் எழுதியிருந்த தேதி

இரண்டாவது கல்யாணத்துக்கு முதல் கல்யாணத்தைவிடக் காகிதம் அதிகம். முதல் தடவை கழுத்தை நீட்டியதோடு சரி. இப்போது ஆதார், ரேஷன் கார்டு, டீசி, போட்டோ, எல்லாவற்றுக்கும் மேலே, முதல் புருஷன் செத்ததற்கு அத்தாட்சி. மற்றதையெல்லாம் ஒரே நாளில் எடுத்து வைத்துவிட்டேன். அந்த ஒரு காகிதம் மட்டும் எட்டு வருஷமாகக் கல்யாணச் சேலை மடிப்புக்குள் கிடந்தது. விதவைப் பென்ஷனுக்குக்கூட நான் எழுதிப் போடவில்லை. வெளியே எடுத்தால் அத்தை கண்ணில் படும். அத்தைக்குக் கன்னடம் படிக்கத் தெரியும்.

அத்தை என்றால் என் முதல் வீட்டுக்காரரைப் பெற்றவர். கர்நாடகாவில் பிறந்து, அங்கேயே அஞ்சாவது வரை படித்து, பாப்பாரப்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவர். நானும் வீட்டுக்காரரும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தபோது, ஒரு மாசி அமாவாசையன்று அவர் சாரத்திலிருந்து விழுந்தார். விழுந்த உடனே உயிர் போய்விட்டது, போலீஸ், போஸ்ட்மார்ட்டம் என்று இழுத்ததால்தான் கொண்டுவர நேரமாயிற்று என்று அத்தையிடம் சொன்னேன். அத்தனையும் பொய். இரண்டு நாள் அவர் ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடந்தார். பெற்றவளை அவர் அவ்வா என்றுதான் கூப்பிடுவார். "அவ்வாவ வரச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே கிடந்தார்.

நான் சொல்லி அனுப்பவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பும்போது எனக்கும் அத்தைக்கும் சண்டை. கேட்டால் வெட்கக்கேடு, ஒரு ஈயக் குண்டானுக்காக. வந்தால் எல்லார் முன்னாலும் என்னைத்தான் பேசுவார், டாக்டரும் பிழைத்துக்கொள்வார் என்கிறார், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு. மூன்றாம் நாள் காலையில் அவர் போய்விட்டார்.

நிறைஞ்ச அமாவாசையில் போன புண்ணியவான் என்று ஊரே சொன்னது. அத்தை அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தார். வருஷா வருஷம் மாசி அமாவாசைக்கு மகனுக்குப் பிடித்த அவரைக்கொட்டைக் குழம்பும் வடையும் செய்து, இலை போட்டுப் படைப்பார். பக்கத்தில் நின்று பரிமாறியவள் நான். ஒரு வருஷம்கூட என் வாய் திறக்கவில்லை.

என்னை மறுபடியும் கட்டிக்கொள்ளச் சொன்னதே அத்தைதான். கம்பைநல்லூரில் மனைவியை இழந்த ஒருவரை விசாரித்துப் பிடித்ததும் அவர்தான். பிள்ளை குட்டி இல்லாத எனக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு மனுஷி. விஷயம் தெரிந்தால் அவரும் இல்லாமல் போய்விடுவார் என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

பென்னாகரம் போகும் அன்று, நீங்க எதுக்கு அலையணும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அத்தை துவைத்த சேலை கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றார். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரில் மனு எழுதுகிறவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைப்புகளில் இங்கிலீஷ் இருக்கிறது, நிரப்பியிருப்பது எல்லாம் கன்னடம், யாராவது படித்துச் சொன்னால் தமிழில் அடித்து நோட்டரியிடம் கொடுக்கலாம் என்றார். ஓசூரில் எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று அவசரமாகச் சொன்னேன். அப்படி யாரும் இல்லை.

"ஓசூரு எதுக்கு? நான் எதுக்குக் கெடக்கறேன்? குடுங்க இங்க" என்று அத்தை கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக்கு அடியில் விரல் வைத்துப் படித்தார். மகன் பெயர். தகப்பன் பெயர். தாய் பெயர் என்ற இடத்தில் தன் பெயரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். இறந்த இடம் என்பதற்கு ஆஸ்பத்திரியின் பெயரைப் படித்தார். படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். இறந்த தேதிக்கு வந்தபோது விரல் நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மனு எழுதுகிறவர், தேதி சொல்லுங்கம்மா என்றார். அத்தை சொன்னார். சரியாகச் சொன்னார். படித்துச் சொன்னவர் கையெழுத்து என்ற இடத்தில் கன்னடத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார்.

பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"ரெண்டு நாளும் பேச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க அத்தை."

"என்னைக் கேட்டானா?"

கேட்டார் என்றேன். குண்டான் சண்டை முதல் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அத்தை மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு வருசமா, எம் புள்ள உசுரோட இருந்த நாள்ல அவனுக்கு எலை போட்டுட்டனே" என்றார்.

பஸ் வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு ஏறினார். கல்யாணத்தை நிறுத்தவில்லை. பதிவு செய்த அன்று வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார், என் நெற்றியில் பொட்டு வைத்தார். நான் கம்பைநல்லூர் வந்துவிட்டேன்.

அடுத்து வந்த மாசி அமாவாசையன்று போன் செய்தேன். இன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை என்றார். இரண்டு நாள் கழித்துக் காலையிலேயே மறுபடி கூப்பிட்டேன். அவரைக்கொட்டை வெந்துகொண்டிருக்கிறது என்றார். நான் பஸ் ஏறி வரட்டுமா, பரிமாற ஆள் வேண்டாமா என்று கேட்டேன்.

"வேணாம் கண்ணு, நீ உன் வூட்டுல இரு" என்றார் அத்தை. "இன்னிக்கு அவனும் நானும் மட்டும் இருந்துக்கறோம்."