ஸ்டார்ட்டர் மோட்டாரும் நாலு தகடும்

1991ஆம் ஆண்டு ஜூன் 21, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். முந்தின இரவு எட்டரைக்குப் பிடித்த தூறல் இன்னும் விட்டபாடில்லை. பூனாவை ஒட்டிய கசார்வாடியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அப்பாவின் காருக்கு அடியில் கோணிப்பையை விரித்து, மாமா மல்லாந்து படுத்திருந்தார். இந்த விவரங்களை நான் டைரி பார்த்து எழுதவில்லை. எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. நாற்பத்தைந்து வயதிலேயே வீட்டில் கிழவன் என்று பெயர் வாங்கிவிட்டேன். மாடி ஏறும்போது படிகளை எண்ணி, நேற்றைக்கும் இன்றைக்கும் சரியாக வருகிறதா என்று கவலைப்படுபவனை வேறெப்படி அழைப்பார்கள்?

அப்போது எனக்குப் பதினோரு வயது. அன்று பம்பாயிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க ஐந்து பேர் வருவதாக இருந்தது. ஒன்பது இருபதுக்குப் பூனா ஸ்டேஷனில் இறங்குவார்கள். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் அவர்கள் வாசற்படியைத் தாண்டியாக வேண்டும். அதனால் அப்பா எட்டரைக்கெல்லாம் காரைக் கிளப்பிவிட வேண்டும். ஆட்டோ வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டால், முடியாது. எங்களிடம் கார் இருக்கிறது என்று அப்பா கடிதத்தில் எழுதியிருந்தார். ஒரு கடிதத்தில் அல்ல, மூன்றில்.

அந்தக் காரோ பத்து நாளாகத் தள்ளினால்தான் கிளம்பியது. பழைய ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்துவிட்டது. கம்பெனி மோட்டார் விலை கேட்டு அப்பா மயங்காத குறை. பழைய சாமான் கடைத்தெருவில் அலைந்து, யாரோ செய்த லோக்கல் மோட்டார் ஒன்றை வாங்கிவந்திருந்தார். அதைப் பொருத்த மாமாவை அழைத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தொழிற்சாலையில் ஃபிட்டர், வயது இருபத்தெட்டு, கல்யாணம் ஆகாதவர். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார்.

மோட்டாரின் முனையில் சின்னதாக ஒரு பல்சக்கரம் உண்டு. சாவியைத் திருப்பியதும் அது பாய்ந்து எஞ்சினின் பெரிய சக்கரத்தைக் கவ்வ வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் விட்டுவிட வேண்டும். லோக்கல் மோட்டார் அளவு சரியாக இருக்காது என்பதால், இடையில் தகடு வைத்து நெருக்கத்தைச் சரிசெய்வார்கள். மாமா ஒரு டப்பா மூடியில் நாலு வட்டத் தகடுகளைப் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"தடியா மூணு, மெலிசா ஒண்ணு. எண்ணிக்கோடா. நீதான் ஸ்டோர் கீப்பர்."

நான் இரண்டு முறை எண்ணிக்கொண்டேன்.

தடித் தகடு ஒன்றை வைத்து முடுக்கினார். அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் கிளம்பியது, ஆனால் சக்கரம் விடாமல் நாய் மாதிரி ஊளையிட்டது. மாமா நிறுத்தச் சொன்னார். போல்ட்டுகள் இரண்டையும் கழற்றி, தடியில் இரண்டு வைத்தார். இப்போது கவ்வவே இல்லை. இரும்பை அரைக்கும் சத்தம் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"இன்னா மச்சான், ஆவுமா ஆவாதா?" என்றார் அப்பா. அவருடைய வெள்ளைச் சட்டை தோளில் நனைந்திருந்தது.

"ஆவும் மாமா. ஒண்ணுல நெருக்கம், ரெண்டுல தூரம். கொஞ்சம் பொறுங்க." அக்காள் புருஷன் என்பதால் அப்பாவை மாமாவும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

மாடி வீட்டு மராத்திக்காரர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "தக்கா மாரூ கா?" என்றார். தள்ளிவிடட்டுமா என்று கேட்கிறார்.

"இங்க நீ தள்ளுவ. ஸ்டேஷன்ல யாரு தள்றது, சம்பந்தியா?" என்று அப்பா தமிழில் முணுமுணுத்து, மேலே பார்த்துச் சிரித்து வைத்தார்.

அப்போது அக்கா டீ கொண்டுவந்தாள். பட்டுப்புடவை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். மாமா காருக்கடியிலிருந்து வெளியே வந்தார். டம்ளரை வாங்கக் கை இரண்டும் கிரீஸாக இருந்தது.

"ராத்திரி தூங்கவே இல்லியா?" என்றாள் அக்கா.

"இல்ல."

"வச்சிட்டுப் போறேன்."

படிக்கட்டில் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். மாமா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பா மூடியை என்னிடமிருந்து வாங்கி, தகடுகளைக் கிளறிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். டீயைக் குடிக்கவில்லை.

மூன்றாம் தடவை ஊளை. நான்காம் தடவை அரைப்பு. ஐந்தாம் தடவையும் ஊளைதான். மணி எட்டு இருபது. அப்பா கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா ஜன்னலில் நின்று பிள்ளையாரைக் கூப்பிட்டாள்.

"வேலைக்காவல மாமா. இது நம்ம வண்டிக்கு உக்காராது. ஆட்டோ சொல்லிடுங்க," என்றார் மாமா. எழுந்து நின்று போல்ட்டுகளைத் துடைக்கத் தொடங்கினார்.

அப்பா காரின் மேல் கை வைத்து அப்படியே நின்றார். நான் வழக்கம்போல எண்ணினேன். உள்ளேயிருந்து கழற்றியது ஒன்று, மூடியில் இரண்டு. மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றுதான். மெல்லிய தகட்டைக் காணவில்லை. தொலைத்தவன் நானாகிவிடுவேனோ என்று பயந்து நிமிர்ந்தேன். நனைந்த சட்டை மாமாவின் மார்போடு ஒட்டியிருந்தது. பைக்குள் வட்டமாக ஒன்று துல்லியமாகத் தெரிந்தது.

"மாமா! மெலிசு தகடு உங்க பையில இருக்கு! அதை நீங்க வைக்கவே இல்ல!" என்று கத்தினேன்.

ஜன்னலில் அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். மாமா பைக்குள் விரலை விட்டுத் தகட்டை எடுத்து, புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"தூக்கக் கலக்கம்," என்றார்.

"போடா மச்சான், கணக்கப்பிள்ளை இல்லன்னா இன்னிக்கு மானம் போயிருக்கும்!" அப்பா சிரித்த சிரிப்பில் மாடி வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார்.

தடியில் ஒன்றும் மெல்லியதும் சேர்த்து வைத்து மாமா முடுக்கினார். நாலே நிமிடம். ஒரே திருப்பில் எஞ்சின் கிளம்பியது. சக்கரம் கவ்வியது, சத்தமே இல்லாமல் விட்டது. எட்டு முப்பத்தொன்றுக்குக் கார் தெரு முனையைத் திரும்பியது. மாமா கூட வரவில்லை. தூங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஐவரும் வந்தார்கள். பம்பாய் வங்கியில் வேலை பார்த்த மாப்பிள்ளைக்கு அக்காவைப் பிடித்துப் போயிற்று. காரைக்கூட இரண்டு முறை பாராட்டினார். ஆவணியில் கல்யாணம். மாமன் செய்ய வேண்டிய சீர் ஒன்றையும் மாமா குறைக்கவில்லை. அக்கா என்னோடு பதினேழு நாள் பேசவில்லை. அவளுடைய பவுடர் டப்பாவை நான் கொட்டியதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆற்காட்டுப் பக்கத்தில் அக்காள் மகளைக் கேட்கும் முதல் உரிமை தாய்மாமனுக்குத்தான். அந்த வருஷப் பொங்கலுக்கே மாமா கேட்டிருக்கிறார். ஃபிட்டருக்கு பி.காம். பெண்ணா என்று அப்பா மறுத்திருக்கிறார். இதையெல்லாம் நான் அறிந்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், நாலு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தால் உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும்தான்.

அன்று சாயங்காலம் அப்பா செலவை எழுதினார். மோட்டார், கேபிள், கிரீஸ், பெட்ரோல். மாமா கூலி வாங்கவில்லை. தகட்டைக் கண்டுபிடித்ததற்காக எனக்குக் கொடுத்த இரண்டு ரூபாயையும் சேர்த்து, மொத்தம் ஆயிரத்து நூற்று எழுபத்தாறு ரூபாய்.