மாரிமுத்து செல்வராணி, மோட்டர் வைண்டிங்

கலியாணம் முடிந்து முதல்முதலாகக் கடை திறக்கப் போனேன். முரசுமோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தால் என் கடையைக் காணவில்லை. கட்டிடம் நிற்கிறது, பூட்டும் என்னுடையதுதான். பலகையில் மட்டும் 'குகதாசன் மோட்டர் வைண்டிங்' என்று பச்சை எழுத்து. எனக்குப் பற்றி எரிந்தது.

குகதாசன் என் புருஷன். பள்ளிக்கூடமொன்றில் கிளார்க். நல்ல மனிதர்தான், ஆனால் வீட்டில் பியூஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார். எரிந்த மோட்டரைக் கழற்றி, பழைய கொயிலை வெட்டி எடுத்து, புதுச் செப்புக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து அந்தக் கடையில் பேரெடுத்தவள் நான். "பொம்பிளை சுத்தின கம்பி எத்தினை நாளைக்கு?" என்று நக்கலடித்தவர்களே பிறகு தண்ணிப்பம்பைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். முந்தைய பலகையில் 'மாரிமுத்து செல்வராணி' என்று இருந்தது. மாரிமுத்து என் அப்பா.

மாற்றியவர் பெரியத்தான், புருஷனின் தமையன். போன் எடுத்துக் கேட்டேன்.

"பிள்ளை, இனி நீ எங்கட வீட்டுப் பிள்ளையெல்லோ. அந்தப் பேர் ரோட்டுக்கரையில கிடந்தா சனம் என்ன கதைக்கும்?"

"எந்தப் பேர்?"

"உனக்கு விளங்கும்தானே."

விளங்கியது. மாரிமுத்து என்றால் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மலையகத்து ஆள் என்று கேட்டவுடன் தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்கிற அவர்கள் குடும்பத்துக்கு அது இழுக்காம். என் உழைப்பு வேண்டும், என் தகப்பன் பேர் வேண்டாம். வெட்கங்கெட்ட கதை!

"அண்ணை ஆசைப்பட்டுச் செய்திட்டார். கொஞ்ச நாள் கிடக்கட்டும் செல்வி" என்றார் புருஷன். புது வீட்டில் சண்டை வேண்டாமென்று நானும் பல்லைக் கடித்தேன்.

அந்தக் கொஞ்ச நாளில் கடை காய்ந்தது. ஒருநாள், என்னிடம் வழக்கமாக வரும் மிளகாய்த் தோட்டக்காரர் ஒருவர் பம்போடு வந்து, பலகையை வாசித்துவிட்டுத் திரும்பினார். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"ஐயா, ஏன் போறியள்?"

"அட பிள்ளை, நீ இஞ்சையோ நிக்கிறாய்! கலியாணம் கட்டிக் கடையையும் குடுத்திட்டுப் போட்டாய் எண்டெல்லோ கதைக்கினம். ஆரெண்டு தெரியாத குகதாசனிட்ட மோட்டரைக் குடுத்திட்டு நான் மிளகாயைக் காய விடுறதோ?"

அன்று பின்னேரம் அப்பா வந்தார். பலகையைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு புள்ள. நம்ம பேரு வேணாம்னா விட்டுடு. ஒனக்கு அங்க மரியாத கெடச்சா போதும்."

இங்கே வந்து காடு வெட்டி வயலாக்கிய மனிதர். 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொல்லைக் கேட்டுக் கேட்டே நரைத்தவர். தன் பேரை அழிக்கத் தானே சம்மதம் கொடுக்கும் அளவுக்கு அவரைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். பெரியத்தானை விட அப்பாமீதுதான் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது.

அடுத்தநாள் தின்னரும் பெயின்றுமாக ஏணியில் ஏறினேன். யாரோ சொல்லிப் பெரியத்தான் மோட்டார்சைக்கிளில் பறந்து வந்தார், பின்னால் இவரும்.

"இறங்கு! மானத்தை வாங்காதை!"

"உங்கட மானம் என்ர பலகையிலயோ கிடக்குது அத்தான்? வேணுமெண்டால் உங்கட கேற்றில உங்கட பேரை எழுதுங்கோ!"

புருஷன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். "பார்த்தது காணும், ஏணியைப் பிடியுங்கோ" என்றேன். பிடித்தார்.

தொழில் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கலியாணம் கட்டினால் பாங்க் புத்தகத்தில் பேரை மாற்றுவதோ விடுவதோ உங்கள் விருப்பம். நானும் அங்கே செல்வராணி குகதாசன்தான். ஆனால் தொழிலில் எடுத்த பேரைக் 'கொஞ்ச நாள் கிடக்கட்டும்' என்று ஒருவருக்கும் விட்டுக் கொடுக்காதீர்கள். நான் விட்டுத்தான் கெட்டேன்.

அன்று செல்வராணியைப் பழைய அளவிலேயே எழுதினேன். மாரிமுத்துவைப் பெரிதாக எழுதினேன், பஸ்ஸுக்கு நிற்கிற எவனும் வாசிக்காமல் போக முடியாத அளவுக்கு.