மதிலுக்கு மேலால் வந்த கஞ்சி

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு களப்புக்கு மீன் பிடிக்கப் போனவன் நான். ஆட்களுக்கு முன்னால் பேசக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன், எழுதினால் நீங்கள் சிரிப்பதை நான் பார்க்க வேண்டியதில்லை. ஜின், பேய், அதுகள் உப்புத் தின்னாது என்ற கதைகளை நான் ஒருநாளும் நம்பியவன் அல்ல. உச்சமுனைப் பக்கம் தண்ணீருக்கு மேலால் வெளிச்சம் நடக்கும் என்பார்கள். முப்பது வருடம் அங்கே வலை போட்டேன், என் டோர்ச் வெளிச்சத்தைத் தவிர வேறொன்றையும் காணவில்லை.

ஊர் மாம்புரி. எங்களில் மகளுக்குக் கல்யாணம் என்றால் குடியிருக்கும் வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாப்பாவும் உம்மாவும் வேறு இடம் பார்ப்பது வழக்கம். நானும் கொடுத்தேன். மிச்சமிருந்த தென்னங்காணியை விற்று, புத்தளம் டவுனில் புதிதாகக் கட்டின வீடு ஒன்றைப் பார்த்தேன். வரிசையாக ஆறு வீடுகள், எல்லாம் மாடி வைத்தவை, ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். விலைக்கு வந்தது ஐந்தாவது.

என் மனைவி பரீதாவுக்கு மனமில்லை. மாம்புரியில் வேலிக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் இவள் சுகம் விசாரிப்பாள். டவுனில் ஆளை மறைக்கும் மதில். "வீட்ட என்னத்துக்குக் காட்டுறீங்க, பக்கத்து வீட்டு ஆளக் காட்டுங்க. கதைக்க ஆளில்லாத எடத்துல நான் இரிக்க மாட்டன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். இந்த வீடும் சரிவராவிட்டால் மருமகன் வீட்டில் போய்த்தான் ஒதுங்க வேண்டும், அதை நினைத்தாலே எனக்கு வெட்கம்.

போன வருட நோன்பில் ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம், அவளைக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டினேன். புரோக்கர் முன்னால் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார். பரீதா பின்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் ஆறாவது வீட்டுப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. பெண்கள் கதைக்கும் இடத்துக்கு நான் போகமாட்டேன், குசினி ஜன்னலோடு நின்றுவிட்டேன். குரலை நான் இரண்டு காதாலும் கேட்டேன். பரீதாவை ராத்தா, ராத்தா என்று மூத்த சகோதரியைப் போல அழைத்து ஊரை விசாரித்தது, பிள்ளைகளை விசாரித்தது. "பின்னால உள்ள குழாயில உப்புத் தண்ணிதான் வரும் ராத்தா, சோறாக்க முன் குழாய்த் தண்ணிய எடுங்க" என்றது. பிறகு மதிலுக்கு மேலால் ஒரு கை வந்தது. விரல் நுனியில் மருதோன்றி, கையில், விளிம்பில் நீலக்கோடு போட்ட பீங்கான் கோப்பை, அது நிறைய நோன்புக் கஞ்சி.

கோப்பையை சொப்பிங் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டுதான் பரீதா பஸ்ஸில் வந்தாள். நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கி கண்ணில் படும்போது நோன்பு திறக்கும் பாங்கு சொன்னது, பஸ்ஸிலேயே குடித்தோம். கஞ்சி இன்னும் சூடாகவே இருந்தது, ஆனால் உப்புக் கொஞ்சமும் இல்லை.

"புத்தளத்துல இரிக்கிற பொம்புளைக்கு உப்புக்குப் பஞ்சம் போல" என்றேன்.

"ஓசியில குடிக்கிறவருக்குக் கொற வேற" என்றாள் அவள். மகள் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்ததைப் பார்த்தேன். வீட்டை வாங்கிவிட்டோம்.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் குடி வந்தோம். கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்களில் மரியாதை இல்லை. பரீதா அதில் வட்டிலப்பம் போட்டு என்னிடம் தந்து, கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். போனால் ஆறாவது வீட்டுக் கேற்றில் துருப்பிடித்த பூட்டு. நாலாவது வீட்டில் இருக்கும், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் மனிதர் வாசலில் நின்றார். "அந்த ஊட்டுக்காரர் கட்டார்ல. பூச்சு வேலையும் முடியல்ல, தண்ணியும் எடுக்கல்ல. இன்னம் ஒருத்தரும் குடி வரல்ல" என்றார்.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, எப்படி என்று பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. பின்பக்கம் கதிரையைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். மதிலை ஒட்டி, மூடாமல் விட்ட மலசலக்குழி, பாசி பிடித்த மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது. கை வந்த இடத்துக்கு நேர் கீழே கால் வைக்க ஒரு சாண் நிலம் கிடையாது. அதற்குள் பரீதா மாடியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. இது தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று கோப்பையை மதில்மேல் வைத்துவிட்டு, "வெச்சிட்டன், எடுப்பாங்க" என்று பொய் சொல்லிப் பள்ளிவாசலுக்குப் போனேன்.

அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கோப்பை அதே இடத்தில் இருந்தது. இறக்கிப் பார்த்தேன். கழுவின கோப்பை. உள்ளே விளிம்பு வரை கல்லுப்பு.

எல்லா வழியிலும் யோசித்தேன். மாஸ்டர் தொழுகையில் எனக்குப் பக்கத்தில் நின்றார். பரீதாவுக்கு அந்த மதில் எட்டாது, கதிரையில் ஏறவும் பயப்படுவாள், எங்கள் குசினியில் அன்று தூள் உப்புப் பக்கற் ஒன்றுதான் இருந்தது. பரீதா கோப்பையைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பஸ்ஸில நீங்க சொன்னதுக்குப் பதில் வந்திரிக்கி." எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் நான் சொன்னது அவள் காதுக்கு மட்டும்.

குழியைப் பற்றி நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. பின் குழாயில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அந்தக் கல்லுப்புப் போத்தலில் இருக்கிறது, மாரியில் வீட்டு உப்பெல்லாம் கசிந்தபோதும் அது கசியவில்லை. அஸருக்குப் பிறகு பரீதா மதிலோரம் நின்று கதைப்பாள். நான் அந்த நேரம் வெளியே போய்விடுவேன்.

நேற்று நோன்புக் கஞ்சி காய்ச்சினாள். உப்புப் போடுவதற்கு முன் இரண்டு அகப்பை கஞ்சியை நீலக்கோட்டுக் கோப்பையில் தனியாக எடுத்து வைத்தாள். யாருக்கு என்று கேட்டேன்.

"கதிரையில ஏறிப் பாத்த நீங்க, தெரியாத மாதிரிக் கேக்காதீங்க" என்றாள்.

இதை எழுதி முடித்தது ரமழான் பிறை ஒன்பது, வெள்ளிக்கிழமை.