விலாங்குப் பொறியும் ‘எவடம்?’ என்ற கேள்வியும்

மெல்பனில் யாரும் பதிலை எதிர்பார்த்து நலம் விசாரிப்பதில்லை. கடைக்காரர் "ஹவ் ஆர் யூ" என்றபடியே சில்லறையை நீட்டுவார். நீங்கள் வாயைத் திறக்குமுன் அடுத்த ஆளிடம் அதையே கேட்டுக்கொண்டிருப்பார். வந்த புதிதில் நான் நின்று நிதானமாகப் பதில் சொல்லி, பின்னால் வரிசையில் நின்றவர்களைத் தவிக்க வைத்திருக்கிறேன். ஒரேயொரு கேள்விக்கு மட்டும் இங்கே எல்லோரும் நின்று காத்திருப்பார்கள்: நீ எங்கிருந்து வருகிறாய்? அதற்கு என்னிடம் ஆளுக்கேற்ற பதில்கள் உண்டு. ரயிலில் பக்கத்தில் அமரும் வெள்ளைக்காரப் பெண்மணிக்கு ‘ஸ்ரீலங்கா’. அவர் உடனே கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார். ஸ்பிரிங்வேல் மீன்கடை வியட்நாம்காரருக்கு, நான் இருக்கும் புறநகரான ‘கிளேட்டன்’. மீன் வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதுதான் அவர் கவலை. சென்னைத் தோழிகளுக்கு ‘யாழ்ப்பாணம்’. எங்கள் ஆட்களுக்குத்தான் பதில் கிடையாது. யாழ்ப்பாணம் என்றால் "யாழ்ப்பாணத்தில எவடம்?" என்பார்கள். ரவுன், அதாவது நகரம், என்றால் "ரவுனில எவடம்?" அதையும் சொன்னால், யாருடைய மகள் என்ற அர்த்தத்தில், "ஆற்ற மகள்?" இதற்குள் உங்கள் சாதி மேசைக்கு வந்துவிடும். கேட்டவர் தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, முகத்தைக் கொஞ்சம் சரிசெய்துகொள்வார்.

சுதனும் நானும் கிளேட்டனில் ஒரே ஆய்வுகூடத்தில் நீரியல் படித்தவர்கள். கலியாணம் செய்வது என்று முடிவு செய்திருந்தோம். அவனுடைய அம்மா, நான் அன்ரி என்று கூப்பிடுபவர், மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. மூவருமாக ஒரு நாள் வெளியே போய்வந்தால் பழகிவிடும் என்றான் சுதன். அன்ரிக்குக் கடலோரப் பாறைகளைப் பார்க்க ஆசை. நான் அதற்கு மேற்கே இன்னோர் இடத்தையும் சேர்த்தேன்: வெள்ளையர் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணின் ஆதிக்குடிகள் கட்டிய விலாங்கு மீன் பொறிகள். எரிமலைக் கற்களால் ஆன வாய்க்கால்களும் அணைகளும் என்று சக ஊழியர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கிளம்புமுன் சுதன் என்னைத் தனியே கூப்பிட்டான். "அம்மா எவடம் எண்டு கேட்டா ரவுன் எண்டு மட்டும் சொல்லும். மிச்சத்தை நான் ஆறுதலாப் பாக்கிறன்."

பொய்யில்லை. என் ஊரான நாவாந்துறை யாழ்ப்பாண மாநகரசபை எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் கடலும் வலையும் எங்கள் சாதியும் சேர்ந்து வந்துவிடும். அன்ரியின் வீட்டுக்குள் கடலிலிருந்து மீன் மட்டுமே வரலாம், அதுவும் சாப்பாட்டு மேசைக்கு. காரில் அன்ரி கேட்டார். நான் "ரவுன் அன்ரி" என்றேன். அவர் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தபோது, நல்ல காலம், சாலையோரம் கங்காரு ஒன்று நின்றது.

பொறிகளைச் சுற்றிக்காட்ட எங்களையும் வேறு சிலரையும் அழைத்துப் போனவர் டேரன். அந்த நிலத்துக்குரிய குடியைச் சேர்ந்தவர். பெரிய உடம்பு, கம்பளித் தொப்பி, ஓயாத பகிடி. கறுத்த கற்கள் சிதறிய புல்வெளியைக் காட்டி, இங்கே என்ன தெரிகிறது என்று கேட்டார். "கல்லு" என்றார் அன்ரி, ஆங்கிலத்தில். "அப்படித்தான் அவர்களும் சொன்னார்கள்" என்று சிரித்தார் டேரன். அலைந்து திரிகிற சனம், வீடு வாசல் கிடையாது என்று சொல்லித்தான் குடியேறியவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்களாம். அவர் கை காட்டக் காட்ட, கற்கள் வட்டங்களாயின: வீடுகளின் அடித்தளங்கள். கோடுகளாயின: தண்ணீரைத் திருப்பிய வாய்க்கால்கள். பொந்துள்ள மரத்துக்குள் விலாங்கைப் புகையூட்டிப் பதப்படுத்தி, தூர இடங்களோடு பண்டமாற்றும் செய்திருக்கிறார்கள். பிறகு சதுப்பை வடியவிட்டு மாடு மேய்த்தார்கள் வந்தவர்கள். நான் மண்டியிட்டுச் சரிவைப் பார்த்தேன். கண்ணுக்கே தெரியாத சரிவு, கையில் மட்டம் பார்க்கும் கருவி எதுவுமின்றி அவர்கள் அமைத்தது. எனக்கு வேலையிடத்தில் இத்தகைய சரிவு ஒருமுறையில் சரியாக வந்ததில்லை.

டேரன் அன்ரியின் பக்கம் திரும்பினார். "வேர் இஸ் யுவர் கன்ட்ரி?"

"கிளென் வேவர்லி" என்றார் அன்ரி, மெல்பனில் தன் சொந்த வீடு இருக்கும் புறநகரை.

"அதற்கு முன்?"

"டண்டினோங்" என்றார் அன்ரி, கொஞ்சம் குரலை இறக்கி. அங்கே அவர்கள் இருந்தது வாடகை வீடு.

டேரன் விழுந்து விழுந்து சிரித்தார். தங்களிடம் கன்ட்ரி என்றால் கடவுச்சீட்டு தரும் நாடு இல்லை, உன் ஆட்கள் எந்த மண்ணுக்கும் எந்தத் தண்ணீருக்கும் உரியவர்களோ அது என்றார். புதிய ஆளைக் கண்டால் முதலில் அதைத்தான் கேட்பார்களாம். அன்ரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. சுதனின் கையைப் பிடித்து இழுத்தார். "அட, இவனும் எங்கட ஆக்கள் மாதிரியெல்லே! எவடம் எண்டு கேக்கிறான்!"

பிறகு டேரன் நீளமான பின்னல் கூடை ஒன்றை எடுத்தார். அகன்ற வாய், ஒடுங்கிய வால். அணையின் இடைவெளியில் இதன் வாயை எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று கேட்டார். எங்களோடு வந்த ஒருவர் கீழ்ப்பக்கம் என்றார். நான் யோசிக்கவேயில்லை. "மேலே, தண்ணீர் வரும் பக்கம். வளர்ந்த விலாங்கு வெள்ளத்தோடு கடலுக்கு இறங்கும்போதுதான் பிடிக்கவேண்டும்."

"இஞ்சினியரா? இதையும் படிப்பிக்கிறார்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சுதன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கோ நாவாந்துறைக் களப்பு, அந்த ஆழமற்ற கடல்தான் கண்ணில் நின்றது: இடுப்பளவு தண்ணீரில் தடிகளை நட்டு வலைவேலி கட்டும் அப்பா. அந்த வேலியை எங்கள் ஊரில் களங்கட்டி என்போம். கடல் இறங்கும் வற்றுக்கு எது முகம், ஏறும் வெள்ளத்துக்கு எது முகம் என்று அவர் கத்துவார். நான் கரையிலிருந்து கையால் காட்டுவேன். சண்டைக்காலத்தில் கடலில் இறங்கக் கூடாது என்றார்கள் படையினர். அதிலிருந்து அவர் வீட்டு வாசலிலிருந்தே தண்ணீரைப் பார்த்தார். பல ஆயிரம் ஆண்டுக் கல்வேலையின் முன்னால் அவருடைய தடிகளை மறைத்து நிற்க எனக்கு என்னவோ போலிருந்தது.

"இல்லை. என் அப்பா இப்படியொன்று கட்டுவார். களப்பில், தடியால்."

"உன் கன்ட்ரி எது?"

"நாவாந்துறை."

டேரன் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்து, இரண்டு முறையும் கெடுத்தார். தடி எப்படி உப்புத் தண்ணீரில் உளுத்துப்போகாமல் இருக்கும் என்று கேட்டார். அவருக்கு அது ஒன்றுதான் விளங்கவில்லை. அன்ரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கழுத்துச் சால்வையை ஒருமுறை இழுத்துவிட்டார்.

"ரவுன் எண்டல்லோ சொன்னீங்கள்?"

"ரவுன்தான் அன்ரி. ரவுனில நாவாந்துறை."

திரும்பும் வழியில் அன்ரி முன்னிருக்கையில், நான் பின்னால். சுதன் வானொலியைப் போட்டான், அணைத்தான், மறுபடி போட்டான். நெடுந்தூரம் மாடுகளும் வேலிகளும்தான். அப்போது அன்ரியின் கைபேசி அடித்தது. சிட்னியில், ஹோம்புஷில் இருக்கும் அவருடைய தங்கை. அந்தக் குரலுக்குத் தொலைபேசி தேவையில்லை. பின்னிருக்கையில் எனக்கே கேட்டது.

"அக்கா, பெட்டையைப் பாத்தியே? எவடமாம்?"

"ரவுனாம்."

"ரவுனில எவடம்?"

சுதன் வானொலியை அணைத்தான். அன்ரி மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். தொடர்பு அறுந்துவிட்டது. "ஹலோ, ஹலோ" என்று கொஞ்ச நேரம் கத்திவிட்டுக் கைபேசியை மடியில் வைத்தார்.

"திருப்பி எடுக்கட்டோ அம்மா?" என்றான் சுதன்.

"வேண்டாம். நான் ஏன் சொல்லுவான்? ஹோம்புஷுக்குப் போகேக்க பிள்ளையே நேரில சொல்லட்டும்."

இது சம்மதமா தண்டனையா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். என்னைத் தன் தங்கை வீட்டுக்குக் கூட்டிப் போகிறார். அந்தப் பெயரை மட்டும் தன் வாயால் சொல்லமாட்டார். இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. சுதன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சாலைக்குத் திரும்பினான். அன்ரியின் மடியில் கைபேசி, விட்டுவந்த சிக்னல் கோபுரமும் கிடைக்காமல், வரப்போகும் கோபுரமும் எட்டாமல், தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி மினுங்கிக்கொண்டே வந்தது.