கொட்டகையில் சாப்பிட்ட மச்சான்

என் மச்சான் சென்னியப்பன் தானாகத் தண்ணீர் மொண்டு குடித்து நான் பார்த்ததில்லை. மோகனூர்ப் பக்கம் அவருடைய கரும்புக் காட்டில் நாலு ஆள் வேலையை ஒருத்தராகச் செய்வார், அதை நான் மறுக்கவில்லை. வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் மட்டும் இரண்டு கையும் விளங்காது. உட்கார்ந்த இடத்திலிருந்து “ஏ புள்ள” என்று ஒரு குரல். என் அக்கா வசந்தாமணி தட்டோடு வந்து நிற்பாள்.

அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு. கரும்பு வெட்டு நடக்கும்போது அவர் வரப் பொழுது சாய்ந்தாலும் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு காத்திருப்பாள். கேட்டால், “அந்த மனுசன் வெயில்ல நிக்கறாரு, எனக்கென்னடா அவசரம்” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. எதை விழுங்கினாலும் மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று டாக்டர்கள் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே மகன் சந்தோஷ்குமார் கனடாவில். ஆக, தண்ணீர் மொண்டு குடிக்காத மனிதரின் கையில் என் அக்கா.

நர்ஸ் சோபியா வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தாள். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சைக் குழாயில் மாட்டி, உயர்த்திப் பிடித்து, வடிகட்டிய கஞ்சியை மெதுவாக ஊற்ற வேண்டும். முன்னும் பின்னும் தண்ணீர் விட வேண்டும். உள்ளதைச் சொல்ல வேண்டும், மச்சான் சீக்கிரமே கற்றுக்கொண்டார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். குழாய் நுழையும் இடத்தைப் பூப்போலத் துடைத்தார். “ஏ புள்ள” போய் “சாமி” என்ற கொஞ்சல் வந்தது.

அக்காதான் ஒத்துவரவில்லை. சிரிஞ்சை எடுத்தாலே இடது கையால் குழாயை மடக்கிப் பிடித்துக்கொள்வாள். முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பிக்கொள்வாள். கெஞ்சிக் கூத்தாடினால் ஏதோ ஒரு வேளை கொஞ்சம் இறங்கும். ஆள் பாதியாகிவிட்டாள். “இன்னும் எடை குறைஞ்சா மறுபடியும் ஆஸ்பத்திரியிலதான் சேர்க்கணும்ங்க” என்று சோபியா எனக்குப் போன் செய்தாள். இந்த மனிதருக்குப் பொண்டாட்டியைப் பார்க்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டி, ஜேடர்பாளையத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி நர்மதா ஒரு தூக்குப் போசியில் அரிசிம்பருப்பு சாதம் கொடுத்துவிட்டாள்.

“அக்காவை நான் கூட்டிட்டுப் போறேனுங்க மச்சான்” என்றேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன்.

“கூட்டிட்டுப் போங்க மாப்ளே. எங்கையால குடிக்க மாட்டேங்கறா” என்றார்.

அவள் சேலைகள் எங்கே இருக்கின்றன என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தேடி எடுத்துப் பையில் வைத்தார். சிரிஞ்சை மட்டும் வெள்ளைத் துணியில் சுற்றி மேலாக வைத்தார். கட்டிலில் இருந்த அக்கா பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாப்பிடுங்கள் என்று போசியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு புழக்கடைக் கதவைத் திறந்து போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தால், மாட்டுக் கொட்டகையில் நின்றபடி மூடியைத் திறக்கிறார்.

“இங்க என்னுங்க பண்றீங்க?”

“அவ முன்னால எப்படிங்க திங்கறது? ஒரு வாய் தண்ணிக்கு வழியில்லாதவ. சமையக்கட்டையே பாத்துட்டுக் கெடக்கறா. தாளிக்கற வாசங்கூட அவளுக்கு வரக் கூடாதுன்னு அடுப்பே பத்த வெக்கறதில்ல. அவளுக்குக் கஞ்சிகூடப் பக்கத்து வூட்டுலதான் காய்ச்சித் தர்றாங்க. கடையில பொட்டலம் வாங்கியாந்து இங்கதான்.”

வழி நெடுக நான் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் நான் சும்மா விடுகிற ஆளா? மாட்டோடு மாடாக நின்று தின்ன வேண்டாம் என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். அக்காவின் அறை வாசலில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பூண்டும் நெய்யுமாக வாசம் அறைக்குள் போனது. இரண்டு வாய்தான் எடுத்தார்.

“முடியலீங்க மாப்ளே.”

கட்டிலில் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறாள். அவரை முறைக்கிறாள், போசியைக் காட்டுகிறாள், மறுபடியும் தட்டுகிறாள். பேச்சு போனாலும் அதட்டல் போகவில்லை. மச்சான் பயந்துபோய் முழுவதையும் சாப்பிட்டார்.

அவர் கை கழுவிவிட்டு வந்ததும், அக்கா சேலை மடிப்புக்குள்ளிருந்து குழாயின் நுனியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

மச்சான் கஞ்சியை ஊற்றினார். ஒரு டம்ளரும் தடையில்லாமல் இறங்கியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அணைந்த அடுப்பையும் காய்ந்த தட்டையும் அல்லவா இவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்?

“ஏக்கா, அவரு பட்டினி கெடக்கறாருன்னுதான் நீயும் குடிக்கலையா?”

கண்ணை மூடித் தலையாட்டினாள். மச்சான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை. பையிலிருந்த சேலைகளை எடுத்துப் பழையபடி அலமாரியில் அடுக்கினேன்.

அடுத்த முறை போனபோது வாசலிலேயே தாளிப்புக் கருகிய நெடி மூக்கைத் துளைத்தது. அறையில் மச்சான் கட்டிலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு, அடிப்பிடித்த சோறு. வலது கை சோற்றில் இருந்தது. இடது கை கஞ்சி நிரப்பிய சிரிஞ்சை உயர்த்திப் பிடித்திருந்தது. அவர் ஒரு வாய் எடுக்க, சிரிஞ்சில் கஞ்சி கொஞ்சம் இறங்கியது.

“எங்கக்காவுக்கு இடது கையிலயா சோறு போடறீங்க?” என்றேன்.

“வலது கை எச்சிலுங்க. எது வேணும்னு உங்கக்காளையே கேளுங்க.”

அக்கா முகத்தில் விளங்குகிற பாதியால் சிரித்தாள்.

மச்சான் சிரிஞ்சில் இறங்கும் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தன வருசத்துல இவ என்ன சாப்பிட்டா, எத்தன சாப்பிட்டான்னு நான் பாத்ததே இல்லீங்க மாப்ளே” என்றார்.

நானும் அன்றைக்குத்தான் அவர்கள் இருவரும் சேர்ந்து சாப்பிடுவதைப் பார்த்தேன்.