அம்மாவின் கன்னத்துத் துண்டு

என் அம்மா அழகம்மாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவள். பஸ்ஸுக்குக் காத்திரு என்றால் அடுத்த ஹோல்ட் வரை நடந்துவிடுவாள். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் எல்லாருக்கும் திட்டு விழும். வெற்றிலையும் புகையிலையும் மட்டும் அவளுடைய இடது கன்னத்தில் அசையாமல் கிடக்கும்.

2005இல் அந்தக் கன்னத்தின் உட்புறம் வெள்ளைப் படை ஒன்று விழுந்து, தடித்து, எரிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு வெட்டி, அழுகாமல் காக்கும் மருந்துத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு, கண்டியிலுள்ள பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நான் அட்டனில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். பிள்ளைகளுக்குப் பரீட்சை நாள் என்று அம்மாவைத் தனியாக அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முடிவு வரப் பத்து நாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா எங்கள் வீடான லயத்துக் காம்பராவுக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்துவிட்டாள்.

பிறகு இருவருமாகக் கண்டிக்குப் போனோம். அங்கே டொக்டர் நிரூபா, யாழ்ப்பாணத்துக்காரி. வழக்கமான சாயத்தில் தெளிவில்லை, விமென்டினுக்கும் சாயம் போட்டுப் பார்த்தோம் என்று சொல்லி, நுணுக்குக்காட்டியில் என்னைக் குனிய வைத்தார்.

விஷயம் எனக்குத் தெரியும். கன்னத்துத் தோலின் கலங்களை உள்ளிருந்து தாங்குவது கெரட்டின் என்ற புரத நார். அதனால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. விமென்டின் என்ற வேறொரு நாருக்கான மரபணுவும் அவற்றுக்குள் உண்டு. நல்ல தோலில் அது அணைந்தே கிடக்கும். புற்று முற்றும்போது கட்டுப்பாடு குலைந்து அது விழித்துக்கொள்ளும். அப்புறம் கலம் பிடியை விட்டு ஊர்ந்து போகும். விமென்டின் இருக்கும் இடத்தில் சாயம் மண்ணிறமாகத் தெரியும்.

நான் பார்த்ததில் மண்ணிறம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"ஒண்ணும் இல்லம்மா!" என்று கத்திவிட்டேன். கதவோரம் நின்ற அம்மாவின் முகம் மலர்ந்தது.

"பொறுங்கோ," என்றார் டொக்டர். "இரத்தக்குழாயைப் பாருங்கோ. சுகமான ஆளுக்கும் அதில விமென்டின் எப்பவும் இருக்கும். அதுகூட நிறம் பிடிக்கேல்லை. துண்டு பழுதாப் போயிட்டுது. இதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. போத்தலுக்க ஆரும் ஏதும் ஊத்தினவையோ?"

அம்மா பேசாமல் இருந்திருக்கலாம்.

"நாந்தாங்க," என்றாள். "பஸ்ஸுல அந்த மருந்துத் தண்ணி வாடைக்கு எல்லாரும் மொகத்தச் சுளிச்சாங்க. அட்டன்ல எறங்கி அதக் கொட்டிட்டு நல்ல தண்ணி புடிச்சேன். வாடுன கொழுந்தக் கணக்கப்பிள்ள எடுக்கமாட்டாருங்களே. இதுவும் வாடிறக் கூடாதுன்னு வழியில இன்னொருக்கா தண்ணி மாத்துனேன்."

எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

"மறுபடி வெட்டச் சொல்லு ராணி," என்றாள். "நாளைக்கே."

வெட்டினார்கள். இந்தத் தடவை போத்தலை நான் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அடுத்த வாரம் மறுபடி குனிந்து பார்த்தேன். இரத்தக்குழாய்கள் மண்ணிறமாக இருந்தன. அவற்றைத் தாண்டி, அம்மாவின் தோல் கலங்களும் ஓரமெல்லாம் மண்ணிறமாக இருந்தன.

எனக்குத் தலை நிமிரவில்லை.

"என்னா ராணி, இந்தத் தடவயும் பழுதாப் போச்சா?"

"இல்லம்மா. துண்டு நல்லாருக்கு."

"பாத்தியா, சரியாச் செஞ்சா சரியா வரும்," என்று அம்மா சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்குத் தைரியம் இல்லை. டொக்டர்தான் சொன்னார்.